சித்தப்பாவின் தூண்டில் பெட்டி

அந்த ஜூலை லீவில் நான்கு காரில் பனி பார்க்கப் போனோமே, உங்களுக்கு நினைவிருக்கும். பின் சீட்டில் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கியிருந்த பிள்ளைகள் நாங்கள்தான். இப்போது எங்களுக்கும் தலை நரைத்துவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறோம். ஆனாலும் எங்கே கூடினாலும் யாராவது ஒருவர் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் விடுவதில்லை. எடுத்தால் என் சித்தப்பாவின் கதை வரும். தரையில் குப்புறப் படுத்துக் காட்டுவதும் சிரிப்பதும் வரும். இத்தனை வருடங்களாக நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், ஆகவே உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உங்களுக்குத் தெரியாதது சில உண்டு. எனக்கே அவை போன வருடம்தான் தெரியவந்தன. அவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. சிட்னியின் டூங்கபியில், ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடிகள் அதிரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே கடிதங்கள் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. அம்மா ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்தார். சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அப்பாதான் அவரை வளர்த்தார், படிப்பித்தார், சண்டை தொடங்கியதும் வெளிநாட்டுக்கு ஏற்றி விட்டார். அப்பா சொல்லி சித்தப்பா கேட்காத ஒன்று இருந்ததாக நான் அறியேன்.

அவர் நோர்வேயின் வடக்குக் கோடியில், ஒரு மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் மீன் வெட்டினார். பிறகு ஒரு ஏப்ரல் மாதம் எங்களிடம் வந்து சேர்ந்தார். இங்கேயே ஒரு கலியாணத்தைச் செய்து வைத்து, விசாவையும் சரிப்படுத்தி, பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாக அப்பாவின் திட்டம்.

விமான நிலையத்தில் எல்லோரும் வந்த பிறகும் அவர் வரவில்லை. சுங்கத்தில் பிடித்துவைத்திருந்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு சூட்கேஸும் ஒரு மரப்பெட்டியுமாக வந்தார். பெட்டியைத் திறந்து, அதில் இருந்ததையெல்லாம் மருந்துத் தண்ணீரால் கழுவிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் அதில் பழைய மீன் மணமும் எண்ணெய் மணமும் போகவில்லை. காருக்குள் அம்மா சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இதை ஏனடா காவிக்கொண்டு வந்தனி? இஞ்ச தூண்டில் விக்கிறதில்லையோ?” என்று அப்பா கேட்டார்.

“கிடந்தது அண்ணை. விட்டிட்டு வர மனம் வரேல்லை” என்றார் சித்தப்பா.

பெட்டியின் மூடியில் சூடு போட்டு எழுதிய இரண்டு எழுத்துகள் இருந்தன. அவை சித்தப்பாவின் பெயரின் எழுத்துகள் அல்ல. யாருடையவை என்று கேட்டேன். கூட்டாளி ஒருவனுடையவை என்றார். அவர் சொல்லும் நோர்வேக் கதைகள் எல்லாவற்றிலும் அந்தக் கூட்டாளி இருந்தான். நானும் கூட்டாளியும் ஒரு சோடிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டோம். நானும் கூட்டாளியும் முதன்முதல் பனியைக் கண்டபோது அதைச் சீனி போட்டுச் சாப்பிட்டோம். இப்படி.

“அந்த மாமா இப்ப எங்க?”

“அவன் அங்கதான் இருக்கிறான்.”

பெட்டிக்குள் மூன்று விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. நான் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மரச் சட்டங்கள் சிலுவைபோலக் குறுக்கே பூட்டியிருக்கும். கீழே நூல் சுற்றிய உருளை. மேலே வளைத்து மாட்டிய ஒரு தகடு, அதன் நுனியில் சிவப்புத் துணி. ஏரி உறைந்து கிடக்கும்போது பனிக்கட்டியில் துளை போட்டு, அந்தத் துளைக்குமேல் இதைக் குறுக்கே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் இருக்கலாம். கீழே மீன் இரையை இழுத்தால் உருளை சுழலும், தகடு விடுபடும், சிவப்புத் துணி நிமிர்ந்து நிற்கும். நாங்கள் அதற்குக் கொடிக்கட்டை என்று பெயர் வைத்தோம். மீதி எல்லாம் தூண்டில்கள். தகர டப்பாக்களிலும் மருந்துச் சிமிழ்களிலும் அளவு அளவாகப் போட்டிருந்தன.

வந்த இரண்டாம் வாரமே சித்தப்பாவுக்கு டொக்டர் அங்கிளின் தங்கச்சியைப் பேசத் தொடங்கினார்கள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை செய்த டொக்டர் அங்கிளை உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. வீடியோக் கமெரா வைத்திருந்த ஒரே ஆளும் அவர்தான். ஒரு பிறந்தநாள் வீட்டில், எல்லோரும் கட்லட்டும் கையுமாக நின்றபோது, அப்பா உரத்த குரலில் சொன்னார்: “இந்தமுறை சும்மா பனி பாக்கப் போறதில்லை. பனிக்கட்டியில துளை போட்டு மீன் பிடிக்கிறதைத் தம்பி செய்து காட்டுவான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா தன் கையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குசினியில் அவர் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“அண்ணை, இந்த நாட்டில பனிக்கட்டி தடிப்பா இராது. வேண்டாம்.”

“நீ பயப்பிடாதை. நான் இருக்கிறன்தானே.”

சித்தப்பா பயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பனிக்கட்டியைப் பற்றித்தான் சொன்னார். அப்பா ஏன் அப்படிப் பதில் சொன்னார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பத்து வயதில் யாருக்குத் தோன்றும்?

அதற்குப் பிறகு சித்தப்பா தூண்டில் தெரிவு செய்யத் தொடங்கினார். மே மாதம் முழுக்க, ஜூன் முழுக்க. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, டப்பாக்களைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நுனியைப் பெருவிரல் நகத்தில் வைத்து மெதுவாக இழுப்பார். நகத்தில் மாட்டிக்கொண்டால் கூர் இருக்கிறது. வழுக்கினால் சின்னக் கல்லில் தீட்டுவார். கல்லில் இரும்பு உரசும் அந்த மெல்லிய சத்தத்துக்கு எனக்குப் பல் கூசும். பிறகு ஒன்றைத் தங்கூசி என்கிற நைலோன் நூலில் முடிந்து கொடிக்கட்டையில் மாட்டுவார். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அதை அவிழ்த்துவிட்டு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“தம்பி, மேசையை ஒருக்கா எடுங்கோ. சாப்பாடு வைக்கவேணும்” என்று அம்மா தினமும் சொல்லவேண்டியிருந்தது.

“இந்தா முடிஞ்சுது அண்ணி.”

ஒருநாளும் முடியவில்லை. வேலைக்கான விண்ணப்பங்கள் ரீவிக்கு மேலே வெறுமையாகக் கிடந்தன. “ஒரு ஃபோம் நிரப்பக் கை வராது, இதுக்கு மட்டும் வருது” என்று அப்பா அவருக்குக் கேட்கும்படியே சொல்வார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா தோடம்பழச் சாறு கரைத்து ஐஸ் கட்டி போட்டுக் கொடுப்பார். சாற்றில் விழுந்ததும் ஐஸ் கட்டி டிக்கென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் சித்தப்பா எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார். ஆட்களோடு பழகத் தெரியாதவன் என்று அப்பாவும், பெண் வீட்டாருக்கு முன்னால் மரியாதை இல்லை என்று அம்மாவும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்பா அவரையும் என்னையும் பரமற்றாவில் ஒரு மீன்பிடிச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். பொறுமை போய்விட்டது, தானே தூண்டில் வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். அங்கே இரண்டாம் நம்பர் தூண்டில் பெரிதாகவும் பத்தாம் நம்பர் சின்னதாகவும் இருந்தது. அப்பா பெட்டிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“எண் கூடினால் சாமானும் பெரிசாகவேணும். இதென்ன கோதாரிக் கணக்கு?”

“அது அப்பிடித்தான் அண்ணை. எண் கூடக் கூடத் தூண்டில் சின்னன்.”

“ஆர் வைச்ச சட்டம்?” என்று அப்பா கோபப்பட்டார். தான் நினைத்தபடி இல்லாத எந்தக் கணக்கையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. கடைசியில் மூன்று முனை கொண்ட, என் உள்ளங்கை அளவான தூண்டில்களை எடுத்தார். சித்தப்பா இல்லையென்று தலையாட்டினார்.

“மூண்டு முனை வேண்டாம் அண்ணை. கை விறைச்சிருக்கேக்க மீன்ர வாயிலயிருந்து கழட்டேலாது. எங்கட கையிலயும் குத்தும்.”

“மூண்டு முனை எண்டால் ஒண்டாவது மாட்டும். சும்மா இரு.”

அந்தத் தூண்டில்கள் பக்கெற்றோடு பெட்டியின் அடியில் கிடந்தன. சித்தப்பா அவற்றைத் தொடவேயில்லை.

டொக்டர் அங்கிளின் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் வந்தார். இரண்டாம் தரம் வந்தபோது, பெரியவர்கள் வேண்டுமென்றே முன் அறையில் இருந்துகொண்டு, அவர்கள் இருவரையும் சாப்பாட்டு மேசையில் பேச விட்டார்கள். காவலுக்கு நான். அவர் ஒரு தூண்டிலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கேட்டார்: “என்ன மீன் வருமெண்டு தெரியாமல் எப்பிடித் தூண்டில் எடுக்கிறது?”

சித்தப்பா அன்று பேசிய அளவுக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

“அதுதான் கஷ்டம். நூல் எங்கட கையில இருந்தால், கடிச்ச உடனே இழுத்துப்போடலாம். இது அப்பிடி இல்லை. நாங்கள் தள்ளி நெருப்புக்குப் பக்கத்தில இருப்பம். கொடி எழும்பினாப் பிறகுதான் தெரியும். நாங்கள் போறதுக்குள்ள அது இரையை விழுங்கிப்போடும். சின்னத் தூண்டில் எண்டால் வயித்துக்குள்ள போயிடும், பிறகு அதை உயிரோட திருப்பி விடேலாது. பெரிசு எண்டால் இரும்பு தட்டுப்பட்டவுடனே துப்பிப்போட்டுப் போயிடும். நாங்கள் பிந்தித்தான் போவம் எண்டதையும் யோசிச்சுத்தான் எடுக்கவேணும்.”

“கெதியா ஓடிப் போனால் சரிதானே?”

“பனிக்கட்டிக்கு மேல கெதியா ஓடக்கூடாது” என்றார் சித்தப்பா. பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்த தூண்டிலை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். மூடும்போது டப்பா கடகடவென்று சத்தம் போட்டது. அந்தப் பெண்ணும் சித்தப்பாவின் கையைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

பயணத்தை நீங்களே அறிவீர்கள். விடியமுன் வெளிக்கிட்டோம். இரவல் கோட்டுகள், சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் பைகள், இடியப்பமும் மாசிச் சம்பலும், பிளாஸ்க்கில் தேத்தண்ணி. மலையடிவாரத்து ஊரில் வாடகைக்கு எடுத்த இரண்டு வீடுகளில் தங்கினோம். முதல் நாள் அரிசிச் சாக்கில் இருந்து சறுக்கி விளையாடினோம். உங்களில் ஒருத்திக்கு உதடு வெடித்தது. அன்றும் சித்தப்பா கொடிக்கட்டைகளோடு ஜன்னலோரத்தில்தான் இருந்தார். அம்மாவின் வற்புறுத்தலில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். கடைசியில் மூன்று தூண்டில்களை முடிந்து வைத்திருந்தார். ஒற்றை முனை, நடுத்தர அளவு. அவற்றையும் திரும்ப அவிழ்த்துவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்க்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அப்பா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். மேலே, பழைய காலத்தில் யாரோ கட்டிய சின்ன அணை ஒன்றில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்றார். எல்லோரும் போனோம். மரங்கள் பாதி வரை வெள்ளையாக நின்றன. காகம்கூட இல்லை. அணைத் தண்ணீரின் மேலே கரையோரம் வெள்ளையாகவும், உள்ளே போகப் போகக் கறுப்பாகவும் பனிக்கட்டி படர்ந்திருந்தது. டொக்டர் அங்கிள் கமெராவைத் தோளில் வைத்தார்.

சித்தப்பா கரையில் நின்றபடி ஒரு இரும்புக் கம்பியால் பனிக்கட்டியைத் தட்டினார். மூன்றாவது தட்டிலேயே கம்பி உள்ளே போனது. துளையால் தண்ணீர் ஊறி மேலே பரவியது.

“ரெண்டு விரல் தடிப்புக்கூட இல்லை. இது ஆளைத் தாங்காது அண்ணை.”

“ஏழு வருஷம் அங்க இருந்தவன் சொல்லுற கதையைப் பாருங்கோ” என்றார் அப்பா. பெரியவர்கள் சிரித்தார்கள்.

“இல்லை அண்ணை. ஒருத்தரும் போகக்கூடாது. பிள்ளையளைப் பின்னால எடுங்கோ.”

“அப்ப நான் போறன். நீ பாத்துக்கொண்டு நில்.”

அப்பா ஒரு கொடிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டியில் இறங்கினார். அம்மா “இஞ்சேருங்கோ, வேண்டாம்” என்று கத்தினார். ஆறு அல்லது ஏழு அடி வைத்திருப்பார். ஓடு உடைவது போல ஒரு சத்தம். அப்பா நெஞ்சு வரைக்கும் கீழே போய்விட்டார்.

அந்த நிமிஷத்தில்தான் சித்தப்பா நீங்கள் எல்லோரும் நடித்துக் காட்டுகிற அந்தக் காரியத்தைச் செய்தார். வெட்டி விழுத்தினதுபோலக் குப்புற விழுந்தார். “படு அண்ணை! படு! கையை விரிச்சுக்கொண்டு படு!” என்று கத்தினார். அது அவருடைய குரலாகவே இல்லை. வயிற்றால் ஊர்ந்து, கரையிலிருந்து ஒரு கை நீளம் பனிக்கட்டியின் மேலே போனார். பிறகு ஊர்வதை நிறுத்திவிட்டார். முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. கன்னம் பனிக்கட்டியில் ஒட்டிக் கிடந்தது. ஒரு கையை மட்டும் அப்பாவின் பக்கமாக நீட்டிக்கொண்டு, படு, படு என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அப்பா கத்தவில்லை. தண்ணீருக்குள் நின்றபடி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்ததாக எனக்கு நினைவு. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. காரை இழுக்கும் கயிற்றை யாரோ ஓடிப்போய் எடுத்து வந்து வீசினார்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளால் பனிக்கட்டியை உடைத்து உடைத்து, நடந்தே கரைக்கு வந்தார். பெண்கள் போர்வைகளோடு ஓடினார்கள். சித்தப்பா இன்னும் அங்கேயே கிடந்தார். “எழும்பும் தம்பி, எல்லாம் முடிஞ்சுது” என்று டொக்டர் அங்கிள் அவருடைய காலைத் தட்டினார். அப்போது பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நானாகவும் இருந்திருக்கலாம்.

திரும்பி வரும் வழியில் அப்பா முன் சீட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஓட்டினார். பின்னால் நானும் சித்தப்பாவும்.

“நீங்கள் ஏன் அப்பாவைத் தூக்கேல்லை? பயந்திட்டீங்களோ?”

“ஓம்” என்றார்.

நான் என் பள்ளிக்கூடப் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது இறங்கி உங்களில் ஒருத்தியின் காரில் ஏறிக்கொண்டேன். சித்தப்பா கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டவில்லை.

அடுத்த வாரம் டொக்டர் அங்கிள் போன் எடுத்து, கலியாணப் பேச்சு இனி வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். சொந்த அண்ணன் தண்ணிக்குள் தாழும்போது படுத்துக் கிடந்தவனிடம் தங்கச்சியை எப்படிக் கொடுப்பது? ஆனால் அந்த வீடியோ வீடு வீடாகப் போனது. எங்கள் பெற்றோர் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். யாராவது தடுக்கி விழுந்தால் ‘படு அண்ணை’. கிரிக்கெட்டில் பந்தை விட்டால் ‘படு அண்ணை’. கலியாண வீடுகளில், அறுபதாம் பிறந்தநாள்களில், சென்ற மாதம்கூட. அப்பா இருக்கும்போதும் சொல்வார்கள். அப்பா சிரிப்பார்.

ஓகஸ்ட் முடியமுன் சித்தப்பா நோர்வேக்குத் திரும்பினார். புறப்படும்போது கூடத்துக்கு வந்து, “போட்டு வாறன் பிள்ளை” என்றார். நான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். “பை” என்றேன். தலையைத் திருப்பவில்லை. பெட்டியை அவர் கொண்டுபோகவில்லை. கவுன்சில் பழைய சாமான் எடுக்கும் நாளில் அப்பா அதை வாசலில் வைத்தார். குப்பை வண்டி வருமுன்னரே யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

அதன் பிறகு அவர் கடிதம் போட்டதில்லை. அப்பாவும் போட்டதில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. தங்கியிருந்த அறையில் இறந்து கிடந்தாராம். வேலைக்கு வரவில்லை என்று மூன்றாம் நாள் தேடிப் போனார்களாம். இருதயம் என்றார்கள். அம்மா விளக்குக் கொளுத்தினார். அப்பா போகவில்லை. வேலையில் லீவு எடுக்க ஏலாது என்றார்.

போன வருடம் மகளைப் பார்க்க மெல்பேர்ண் போனேன். அவள் அங்கே கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளோடு ஆராய்ச்சி செய்யும் ஒரு பையனின் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பையனின் தாய் நோர்வேயிலிருந்து வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். எந்த ஊர், யாருடைய மகள் என்று வழமைபோல விசாரித்தார். சொன்னேன். கையிலிருந்த அகப்பையை அப்படியே கீழே வைத்தார்.

“கணக்கு வாத்தியாற்ற மகளே? அப்ப நீ அவன்ர பெறாமகள், அண்ணன்ர பிள்ளை.”

சித்தப்பாவின் கதைகளில் வந்த அந்தக் கூட்டாளி இவருடைய தம்பி.

குசினியில் நின்றபடியே அவர் சொன்னார். அங்கே இருவரும் குளிர்காலம் முழுக்க ஏரியில் கொடிக்கட்டை வைப்பார்கள். ஒரு வசந்த கால ஞாயிற்றுக்கிழமை, தூரத்தில் கொடி எழும்பியது. கூட்டாளி எழுந்து ஓடினான். பனிக்கட்டி இளகத் தொடங்கிய காலம் அது. அவன் விழுந்துவிட்டான். என் சித்தப்பா அவனிடம் ஓடவில்லை. அங்கத்தைய ஆட்கள் சொல்லிக்கொடுத்ததுபோலப் படுத்து, வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து போனார். ‘படு, கையை விரிச்சுப் படு’ என்று சொல்லிக்கொண்டே போனார். போய் அவனுடைய கையையும் பிடித்துவிட்டார். பிடித்து இழுக்கும்போது அவருக்குக் கீழேயும் பனிக்கட்டி உடைந்தது. கை வழுக்கிவிட்டது. அவர் தப்பினார். கூட்டாளியின் உடல் கிடைக்கவேயில்லை.

“நான் போனபடியால்தான் உடைஞ்சது அக்கா எண்டு என்ர காலடியில கிடந்து அழுதவன். இல்லையடா எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். கேக்கேல்லை. அடுத்த வருஷம் அண்ணையிட்டப் போறன் எண்டான். போறதுக்கு முதல் அண்ணைக்கு எல்லாத்தையும் எழுதினவன். பத்துப் பக்கம். நான்தான் தபாலில போட்டனான்.”

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். மகள் பயந்துபோய், “Amma, are you okay?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். எண்பத்தாறு வயது. கண் மங்கல், காது சரி, நினைவு எங்கள் எல்லோரையும்விடத் தெளிவு. அம்மா போன பிறகு அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. நான் சிட்னிக்குத் திரும்பி வந்த அன்றே அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கேட்டேன்.

“சித்தப்பா வரமுன்னம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினவரோ?”

மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நல்லது.

“ஓம்” என்றார்.

“பிறகும் ஏன் அங்க கூட்டிப்போனீங்கள்?”

“பயத்தோட அவன் எத்தினை காலம் இருக்கிறது? ஒருக்கா இறங்கினால் போயிடும் எண்டு நினைச்சன். அவன் இறங்கேல்லை. அதுதான் நான் இறங்கினனான். நான் விழுந்தால் வருவான் எண்டு எனக்குத் தெரியும். வந்து என்னைத் தூக்கினான் எண்டால், அங்க நடந்தது அவன்ர மனதில இருந்து போயிடும். அப்பிடித்தான் கணக்குப் போட்டன்.”

“செத்திருப்பீங்கள்.”

“இல்லை. அது நெஞ்சளவு தண்ணி. காலமை நான் தனியப் போய்த் தடி விட்டுப் பாத்தனான்.”

இத்தனை வருடமும் அந்தப் பகிடிக்கு அவர் சேர்ந்து சிரித்த முகம் கண்ணுக்குள் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தை ஒருவரிடமாவது காட்டியிருக்கலாம்.

“நெஞ்சளவுதான் எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“சொல்லியிருக்கலாமே அப்பா. விழுந்தாப் பிறகாவது சொல்லியிருக்கலாமே. அவர் அதில கிடந்து கத்தேக்க.”

அப்பா என் பக்கமாகத் தலையைத் திருப்பினார். அவருக்கு என் முகம் தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும்.

“சொன்னால் அவன் வருவானோ?” என்றார்.

பிறகு, நேரமாகிவிட்டது, சோறு போடு என்றார். போட்டேன்.